ஆர்கானிக் ஜப்லா: லேபிளைத் திருப்பிப் பாருங்கள்
தங்கை குழந்தைக்குத் திருப்பூர்க் கடை ஒன்றில் ஆர்கானிக் பருத்தி ஜப்லா வாங்கினேன். துணி அருமை. சாயம் ஏற்றாத பஞ்சு நிறம். உடம்பில் உறுத்தாதபடி தையலை வெளிப்பக்கம் வைத்திருக்கிறார்கள். நாடாதான் சொதப்பல், ஒரே துவைப்பில் பிரிந்துவிட்டது.

கடைப் பையன் '100% காட்டன்' என்ற அட்டையை நீட்டி, இதுதான் ஆர்கானிக் என்றார். ரசாயன மருந்தடித்து விளைந்ததும் 100% காட்டன்தானே, தம்பி! ஜி.ஓ.டி.எஸ். (GOTS) என்ற சர்வதேச ஆர்கானிக் துணிச் சான்றின் முத்திரையோடு 'ஆர்கானிக்' என்றிருந்தால் குறைந்தது 95% ஆர்கானிக் இழை. 'மேட் வித் ஆர்கானிக்' என்றால் 70% போதும். கூடவே உரிம எண் இருக்கும், அதை ஜி.ஓ.டி.எஸ். இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். இதில் இருந்தது, தேடியதும் கிடைத்தது.

விலை சாதா ஜப்லாவைப்போல இரட்டிப்பு. கைக்குழந்தைக்குச் சரி. எனக்கு டி-ஷர்ட் என்றால் யோசிப்பேன்.