"புழு மருந்து குடுத்தாச்சு சார்" என்று பறவை விற்கும் கடைகள்: உஷார்

சென்னையில் பறவை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாங்கள் காக்டெயில் என்ற சிறு கிளி ஜோடி வாங்கிய கடையில், "புழு மருந்தெல்லாம் குடுத்தாச்சு சார், ஆறு மாசத்துக்குக் கவலையே இல்ல" என்றார்கள். என்ன மருந்து, எப்போது கொடுத்தது என்று கேட்டால் சிரிப்புதான் பதில். பில்லும் கிடையாது.

கொஞ்ச நாளில் பெட்டை இளைத்தது. நாள் முழுக்கத் தினை தின்றும் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தியது. எச்சம் நீராகப் போய் நாறியது. ஆண் பறவையோ இறக்கைக்கு அடியில் இறகைப் பிடுங்கிப் பிடுங்கிக் கத்தியது. கடையில் சொன்னால் பெயரில்லாத மஞ்சள் பொடியைப் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். அதற்கும் காசு. பெட்டை செத்துப்போனது.

வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஆணின் எச்சத்தைப் பார்த்தபோது உருளைப்புழு முட்டையும் இருந்தது, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இருந்தது. பொடி ஆன்டிபயாடிக்காக இருந்தால் புழுவை ஒன்றும் செய்யாது, மற்ற நோய்களுக்கான பரிசோதனையையும் குழப்பிவிடும் என்றார் டாக்டர்.

திரும்பவும் கடைக்குப் போனேன். வாங்கும்போது "பறவை நோய் மனுஷனுக்கு வரவே வராது" என்றவர் இப்போது, "வீட்ல குழந்தைக்குப் புழு வந்துடும் சார், இதைத் தள்ளிட்டு வேற ஜோடி எடுத்துக்குங்க, விலை குறைச்சுத் தரேன்" என்கிறார்! இரண்டு பேச்சும் வியாபாரத்துக்குத்தான்.

காக்டெயிலின் உருளைப்புழு மனிதக் குடலில் வாழாது. கிளி இனங்களுக்கு வரும் ஜியார்டியாவும் பெரும்பாலும் தனி வகை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணியில் ஒரு வகை பறவைக்கும் மனிதருக்கும் பொது; எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது தொல்லை. நிஜமாகப் பயப்பட வேண்டியது புழுவே இல்லை, கிளிக்காய்ச்சல். கிளமிடியா என்ற பாக்டீரியாவால் வருவது. காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து மூச்சில் போனால் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், கவனிக்காவிட்டால் நிமோனியா வரை போகும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கில் குணமாகும், ஆனால் வீட்டில் பறவை இருக்கிறது என்பதை நாமாகச் சொன்னால்தான் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வரும்.

அதனால் கூண்டுத் தட்டை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். தினமும் துடைத்தால் புழுவும் அடங்கும். புதிதாக விழுந்த முட்டை தொற்றும் பருவத்துக்கு வரப் பல நாட்கள் ஆகும்.

வாங்கும்போது பறவையைக் கையில் எடுத்து நெஞ்சைத் தடவிப் பாருங்கள், பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் விடமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். 2018 விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழையும் கேளுங்கள். நான் கேட்டபோது "அதெல்லாம் ஓனர்கிட்ட இருக்கு சார்" என்றார். பேசியவர்தான் ஓனர் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள்.