5 வருஷம், 61,000 கிலோமீட்டர்: பைக் கூலன்ட்ல நான் கத்துக்கிட்டது

2019-ல எடுத்த 200சிசி லிக்விட் கூல்டு வண்டி, அதாவது இஞ்சின் சூட்டைத் தணிக்க கூலன்ட்ங்கிற திரவம் உள்ள சுத்திக்கிட்டே இருக்கும். தினமும் வளசரவாக்கத்துலேர்ந்து துரைப்பாக்கம் போக வர ஓட்டுறேன். ஆற்காடு ரோட்டுல மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து பாதி தூரம் ஃபர்ஸ்ட் கியர்தான், கத்திரி வெயில்ல கிண்டி தாண்டுறதுக்குள்ள ரேடியேட்டர் ஃபேன் மூணு நாலு தடவ ஓடி நின்னுடும்.

முதல் ரெண்டு வருஷம் கூலன்ட் பக்கமே நான் போகல. மூணாவது வருஷம் மே மாசம் சிக்னல்ல நிக்கும்போது டெம்பரேச்சர் வார்னிங் எரிஞ்சுது, ஓரங்கட்டிப் பாத்தா கூலன்ட் ரிசர்வ் டேங்க் காலி. பக்கத்துல இருந்த ஷெட்ல "தண்ணிதானே தம்பி"ன்னு குழாய்த் தண்ணிய ஊத்தி அனுப்பிட்டாங்க, நானும் சரின்னு வந்துட்டேன். ஆறு மாசம் கழிச்சு டிரெயின் பண்ணா டீ டிக்காஷன் மாதிரி வந்துச்சு, ரேடியேட்டர் வாய்க்குள்ள வெள்ளையா பொருக்கு. வீட்டு ஹீட்டர் ராடுல போர் தண்ணி உப்பு படியுமே, அதே உப்பு. அன்னிக்கு எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்கிடுச்சு.

நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலன்ட் எதுக்குன்னு நிறைய பேர் கேக்குறாங்க. கூலன்ட்ல இருக்குற கிளைகால்ங்கிற திரவம் உறையாம மட்டும் இல்ல, சீக்கிரம் கொதிக்காமலும் பாத்துக்கும். கிளைகாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா, ரேடியேட்டர் மூடி குடுக்குற பிரஷரும் சேர்ந்து 120 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். அது போக உள்ள இருக்குற அலுமினியம் அரிக்காம இருக்க மருந்தும் அதுலதான் இருக்கு, குழாய்த் தண்ணில அது கிடையாது. அவசரத்துக்கு ஊத்தணும்னா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, அதுவும் தற்காலிகம்தான்.

செக் பண்றது ரெண்டு நிமிஷ வேலை. காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, இஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது பாக்கணும், ஏன்னா சூட்டுல கூலன்ட் விரிஞ்சு ரிசர்வ் டேங்குக்கு வந்துடும், ஆறினா திரும்ப உள்ள இழுத்துக்கும், அதனால சாயங்காலம் பாத்தா லெவல் ஏமாத்தும். சைடு ஸ்டாண்டுல சாஞ்சிருந்தாலும் தப்பா காட்டும். நான் தம்பிய வண்டிய நேரா புடிக்கச் சொல்லிட்டு, டேங்குக்குப் பின்னாடிலேர்ந்து மொபைல் டார்ச் அடிப்பேன், உள்ள பச்சைக் கூலன்ட் எங்க நிக்குதுன்னு பளிச்சுனு தெரியும். லோ, ஃபுல் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தா போதும். டாப் அப் ரிசர்வ் டேங்க்ல மட்டும், சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய தொடவே தொடாதீங்க, ஆவியோட பீச்சி அடிச்சு முகம் வெந்துடும். கலர் ஒண்ணா இருக்குன்னு வேற வேற கூலன்ட் கலக்காதீங்க, கலர் வெறும் சாயம்தான், மேனுவல்ல என்ன டைப் போட்டிருக்கோ அதையே வாங்குங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ முழுசா மாத்திடுறேன்.

இதெல்லாத்தையும் விட முக்கியம், லெவல் திரும்பத் திரும்ப இறங்குனா ஊத்திக்கிட்டே இருக்காதீங்க, எங்க போகுதுன்னு தேடுங்க. போன வருஷம் எனக்கு மாசத்துக்கு ஒரு விரல் அளவு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, கீழ தரைல ஒரு சொட்டு கூட இல்ல. டேங்க்ல மார்க்கர்ல கோடு போட்டு தேதி எழுதி வெச்சுப் பாத்தேன், குறையுறது உறுதி. அப்புறம் குனிஞ்சு பாத்தா வாட்டர் பம்ப்புக்கு அடியில தீக்குச்சி தலை அளவுக்கு ஒரு ஓட்டை, அதைச் சுத்தி பச்சையா பவுடர் காஞ்சு கிடக்கு. பம்ப் சீல் போனா கூலன்ட் இஞ்சின் ஆயிலோட கலந்துடாம வெளில வரட்டும்னு கம்பெனியே விட்ட ஓட்டை அது. சூட்டுல சொட்டு கீழ விழறதுக்குள்ள காஞ்சுடுது, அதான் தரைல கறையே இல்ல. ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜிபி ரோடுல சீல் செட் வாங்கி, தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாகிட்ட குடுத்து மாத்தினேன். உள்ள மாட்டின காத்து வெளியேற, வண்டி ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடிய திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணி, குமிழி நிக்கிற வரைக்கும் பொறுமையா ஊத்திக் குடுத்தார். நாலு மாசம் ஆச்சு, மார்க்கர் கோட்டுலேர்ந்து லெவல் அசையல.

டிரெயின் பண்ண பழைய கூலன்ட்ட தெருவுல கொட்டாதீங்க, இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும். எங்க தெருவுல நாலு நாய் இருக்கு, நான் கேன்ல புடிச்சு மூடி ஷெட்லயே குடுத்துட்டேன்.