பழைய இதழ்க் காப்பகத்துக்கு இசட்ஸ்டாண்டர்டு: விரிக்கும் வேகமே பெரிது

காப்பகம் வைத்திருப்பவருக்குக் கோப்பைச் சுருக்குவது ஒருநாள் வேலை. விரித்துப் பார்ப்பதோ ஆண்டுக்கணக்கில் ஓயாத வேலை. கோப்புகளைச் சுருக்கும் இசட்ஸ்டாண்டர்டு என்னும் கட்டளைவரிக் கருவியை மற்றவற்றுக்கு மேலாக நான் வைப்பது இந்த ஒரு காரணத்தால்தான். பழைய தமிழ்ச் சிற்றிதழ்களை மின்வடிவாக்குவது என் பணி. வருடி எடுத்த பக்கப் படங்கள், படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் வழியே கிடைத்த பக்கவாரி உரைக் கோப்புகள், மெய்ப்புத் திருத்தங்கள் அடங்கிய தரவுத்தளத்தின் அன்றாடக் காப்பு நகல்கள் என்று என் சர்வர் நிரம்பிக் கிடக்கிறது. இம்மூன்றிலும் கருவி ஒன்றுபோல் உழைப்பதில்லை.

படங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜேபெக், பிடிஎஃப் போன்றவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. எந்தக் கருவியைக் கொண்டு அழுத்தினாலும் அவற்றின் அளவு குறிப்பிடும்படி குறையாது. அவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன்.

இசட்ஸ்டாண்டர்டை எழுதியவர் யான் கொலே. எல்இசட்4 என்ற அதிவேகச் சுருக்க முறையை உருவாக்கியவரும் அவரே. ஃபேஸ்புக் நிறுவனம் 2016 ஆகஸ்டில் இதன் 1.0 பதிப்பைத் திறமூலமாக வெளியிட்டது. கோப்பு வடிவம் ஆர்எஃப்சி 8878 என்ற பொது ஆவணமாக 2021இல் பதிவாகியிருக்கிறது. நாளை இந்த நிறுவனமே இல்லாமல் போனாலும், அந்த ஆவணத்தைப் படித்து வேறொருவர் விரிப்பானை எழுதிக்கொள்ள முடியும். காப்பகக்காரருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

பயன்படுத்துவது எளிது. டெர்மினலில் இசட்எஸ்டிடி என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், இசட்எஸ்டி என்ற பின்னொட்டோடு சுருக்கிய கோப்பு பக்கத்திலேயே உருவாகிறது. மூலக் கோப்பு அப்படியே இருக்கிறது. ஜிசிப், பிசிப்2, எக்ஸ்இசட் ஆகிய மற்றச் சுருக்கும் கருவிகள் மூன்றும் வேலை முடிந்ததும் மூலத்தை நீக்கிவிடும். வேண்டாமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். இங்கே நீக்கச் சொன்னால்தான் நீக்கும். மறுபதிப்பு கிடைக்காத இதழ்களைக் கையாளும் எனக்கு, இந்த இயல்பு நடத்தை ஒன்றே பாதி மதிப்பெண்ணைப் பெற்றுத் தந்துவிடுகிறது.

சுருக்கும் அழுத்தத்தை 1 முதல் 19 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். எதுவும் சொல்லாவிட்டால் 3. தனி அனுமதி கொடுத்தால் 22 வரை போகலாம். மேலே போகப் போகச் சுருக்கும் நேரம் கூடுகிறது. 19இல் பொறுமை வேண்டும். ஆனால் எந்த நிலையில் சுருக்கினாலும் விரிக்கும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இரவில் 19ஆம் நிலையில் ஓடவிட்டுவிட்டு, பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் நொடியில் திறந்துகொள்ளலாம். எக்ஸ்இசட் இதைவிடச் சற்றுச் சிறிதாகச் சுருக்கும் என்பது உண்மை. அந்தச் சிறு லாபத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதற்கு ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம் நல்ல சான்று. 2019 இறுதியில் தன் மென்பொருள் பொதிகளை எக்ஸ்இசட்டிலிருந்து இதற்கு மாற்றியபோது, மொத்த அளவு ஏறத்தாழ 0.8 சதவீதம் கூடியதாகவும், விரிக்கும் வேகம் 1300 சதவீத அளவுக்கு உயர்ந்ததாகவும் அது அறிவித்தது. எனக்கு அந்தக் கணக்கு முழுக்கச் சம்மதம்.

இனி உரைக் கோப்புகள். என் மனம் நிறைந்தது இங்கேதான். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். 'க' என்றால் 3. புள்ளி வைத்து 'க்' என்றால் 6. பழைய டிஸ்கி குறியேற்றத்தில் 'க' ஒரே பைட்டில் அடங்கியது. யூனிகோடுக்கு மாறினால் கோப்புகள் ஊதிப் பெருத்துவிடும் என்று அன்று பலர் வருந்தினார்கள். அந்த மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றேதான். இரண்டாவதற்கும் இரண்டே வாய்ப்புகள். திரும்பத் திரும்ப வருவதைக் குறைந்த பிட்களில் எழுதுவதுதானே சுருக்கியின் தொழில்? அந்த ஊதலில் பெரும்பகுதி சுருக்கும்போதே வடிந்துவிடுகிறது.

ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. ஓசிஆர் தரும் பக்கங்கள் ஒவ்வொன்றும் சில கிலோபைட் அளவே இருக்கும். ஒரு கோப்பைத் தொடங்கும்போது சுருக்கிக்கு எதுவும் தெரியாது. சொற்களும் விகுதிகளும் மீண்டும் வரத் தொடங்கி, அது பழகிக்கொள்வதற்குள் பக்கம் முடிந்துவிடும். எல்லாவற்றையும் டார் என்ற கருவியைக் கொண்டு ஒரே மூட்டையாகக் கட்டினால் நன்றாகச் சுருங்கும். ஆனால் நடுவிலுள்ள ஒரு பக்கத்தைப் பார்க்க, மூட்டையைத் தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டு வர வேண்டும். இதற்கு இசட்ஸ்டாண்டர்டு தரும் தீர்வு அகராதி. 'டிரெயின்' என்ற விருப்பத்தோடு மாதிரிப் பக்கங்களைக் கொடுத்தால், அவற்றில் பொதுவாக வரும் துண்டுகளைத் திரட்டி, சுமார் 110 கிலோபைட் அளவில் ஓர் அகராதியை உருவாக்குகிறது. மாதிரிகளின் மொத்த அளவு அகராதியைப்போல் நூறு மடங்கு இருப்பது நல்லது. பிறகு அந்த அகராதியைத் துணைக்குக் கொடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே சுருக்கலாம். 'இருக்கின்றன', 'என்பதற்காக' போன்ற நீண்ட சொற்களும், இதழின் பெயர், விலை, சந்தா விவரம் என்று பக்கம்தோறும் வரும் வரிகளும் முதல் எழுத்திலிருந்தே அதற்குத் தெரிந்தவையாகிவிடுகின்றன. ஒவ்வோர் இதழுக்கும் தனி அகராதி வைத்திருக்கிறேன். நடை மாறினால் அகராதியும் மாற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அகராதி தொலைந்தால் அதைக் கொண்டு சுருக்கிய பக்கங்கள் எவையும் திறக்காது. சுருக்கிய கோப்புக்குள் அகராதியின் எண் மட்டுமே இருக்கும், அகராதி இருக்காது. அதை வெவ்வேறு இடங்களில் நகலெடுத்து வையுங்கள்.

தரவுத்தள நகல்களுக்கு 'லாங்' என்ற விருப்பம் கைகொடுக்கிறது. ஜிசிப் பின்னோக்கிப் பார்க்கும் தூரம் 32 கிலோபைட்தான். இந்த விருப்பத்தோடு இசட்ஸ்டாண்டர்டு 128 மெகாபைட் பின்னே வந்த பகுதியைக்கூட நினைவில் வைத்துப் பொருத்துகிறது. அடுத்தடுத்த நாள்களின் நகல்களை ஒன்றாகக் கட்டும்போது, அந்தத் தூரத்துக்குள் அடங்கினால், மாறாத பகுதிகளுக்கு இடமே செலவாவதில்லை என்று சொல்லலாம். தூரத்தை இன்னும் கூட்டலாம். ஆனால் விரிப்பவரும் அதே விருப்பத்தைக் கொடுக்க வேண்டும், அவரது கணினியில் நினைவகமும் வேண்டும். பிறருக்கு அனுப்பும் கோப்பில் 128ஐத் தாண்டாதீர்கள்.

கோப்பை விரித்து வைக்காமலேயே உள்ளே சொல் தேட, இசட்எஸ்டிடிகிரெப் என்ற துணைக்கருவி கூடவே வருகிறது. ஓர் எழுத்தாளர் ஒரு சொல்லை எந்தெந்த ஆண்டில் எப்படி எழுதினார் என்று மெய்ப்பின்போது பார்க்க வேண்டியிருந்தால் இதைத்தான் நாடுகிறேன். அச்சொல்லை ஒற்றுமிகாமல் எழுதினாரா என்று உறுதி செய்ய, முன்பெல்லாம் இதழ்க் கட்டுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

குறைகளும் உண்டு. இந்தக் கருவி கோப்பை மறையீடு செய்வதில்லை. கடவுச்சொல் வேண்டுமென்றால் வேறு வழி பார்க்க வேண்டும். கோப்பு சிதைந்தால், சரிபார்ப்புத் தொகையைக் கொண்டு சிதைந்திருப்பதைச் சொல்லும், சரிசெய்யாது. அதற்காகப் பார்2 என்ற கருவியைக் கொண்டு மீட்புக் கோப்புகளையும் தனியே உருவாக்கி வைக்கிறேன். உதவிப் பக்கம் நிரம்பி வழிகிறது. புதிதாக வருபவருக்குத் தேவையான ஐந்தாறு விருப்பங்கள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகின்றன. இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, எதிர்முனையில் இருப்பவர். ஓர் அச்சகத்துக்கு இந்த வடிவில் அனுப்பியபோது, அங்கிருந்த பழைய விண்டோஸ் கணினியில் திறக்கவில்லை. அதை விரிக்க எதை நிறுவுவது என்று தொலைபேசியில் விளக்குவதிலேயே பிற்பகல் போயிற்று. அச்சகத்துக்கும் எழுத்தாளர்களின் குடும்பத்தாருக்கும் இப்போது சிப் கோப்பாகவே அனுப்புகிறேன்.

காப்பகத்துக்குள் மட்டும் இசட்ஸ்டாண்டர்டு. புதிதாகத் தொடங்குபவர் 19ஆம் நிலையில் சுருக்கி, உடனே 'டெஸ்ட்' விருப்பத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பிழையில்லை என்று தெரிந்த பிறகு மூலத்தை வேறு வட்டுக்கு மாற்றலாம்.