இணையவழி உரைக்கு வீட்டு ஸ்டூடியோ: எந்த மைக், எந்தக் கேமரா, எந்த விளக்கு?

தண்டையார்பேட்டையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள முதல் மாடி அறை ஒன்றிலிருந்து, நிறுவனப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்புகளை இணையவழியில் நடத்தி வருகிறேன். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கமிருந்து வரும் கன்டெய்னர் லாரிகளின் உறுமலும், கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலின் ஹாரனும், தண்ணீர் லாரி வந்து நின்றதும் தெருவில் எழும் குடங்களின் ஓசையும் இந்த அறைக்குள் நுழையாத நாள் இல்லை. வடசென்னையில் வீட்டு ஸ்டூடியோ அமைக்க விரும்புவோர் பலருக்கும் இதுதான் நிலை. ஆகவே, அமைதியான அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பரிந்துரைகளை அப்படியே பின்பற்றாமல், நம் வீடு தரும் சூழலில் எது நன்றாக வேலை செய்யும் என்ற ஒரே அளவுகோலால் ஒவ்வொரு கருவியையும் இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் மைக். படம் சற்று மங்கினாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். குரல் தெளிவில்லை என்றால் பத்து நிமிடத்தில் கவனம் கலைந்துவிடும். எனவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு மைக்குக்கே போக வேண்டும்.

மைக்கில் கண்டென்சர், டைனமிக் என இரு முக்கிய வகைகள் உண்டு. கடைகளில் பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது கண்டென்சர் மைக். ப்ளூ யெட்டி போன்றவை இந்த வகை. குரலின் நுட்பங்களை மிக அழகாகப் பதிவு செய்யும் இந்த மைக், மேசையில் இரண்டடி தள்ளி வைத்தாலும் போதுமான ஒலியைத் தரும். அந்த வசதியே நமக்குச் சிக்கலாகிறது. இரண்டடி தொலைவிலிருந்து குரலை எடுக்கும் மைக் மின்விசிறியையும் தெருவையும் சேர்த்தே எடுக்கும். டைனமிக் மைக்கின் உணர்திறன் குறைவு. அதனால் வாய்க்கு மிக அருகில், ஒரு சாணுக்கும் குறைவாக வைத்துப் பேசியாக வேண்டும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டைனமிக் மைக் இரைச்சலைத் தானாக வடிகட்டிவிடும் என்பது சரியன்று. உண்மையில் வேலை செய்வது தொலைவு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது, தெருவின் சத்தமோ அப்படியே இருக்கிறது. 60 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் ஆதாயம். கண்டென்சரையும் அதே அளவு நெருக்கத்தில் வைத்தால் பெரும்பகுதி ஆதாயம் அதற்கும் கிடைக்கும். ஆயினும் டைனமிக்கையே நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் கடற்காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளின் ஈரப்பதத்தில் கண்டென்சரின் மெல்லிய சவ்வுப் பகுதி ஈரம் கோத்துப் படபடவென ஒலிக்கக்கூடும். டைனமிக் மைக் இதை வெகுவாகத் தாங்கும்.

டைனமிக்கிலும் இரு வழிகள் உண்டு. மேடைகளில் 1966 முதல் புழங்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்கை வாங்கினால், கணினியோடு இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிக் கருவியும் வேண்டும். சாம்சன் க்யூ2யூ போன்றவற்றில் யூஎஸ்பி, இன்டர்ஃபேஸில் செருகும் எக்ஸ்எல்ஆர் ஆகிய இரு இணைப்புகளும் இருப்பதால், இன்று நேரடியாகக் கணினியில் செருகிவிட்டு, பின்னாளில் தேவைப்பட்டால் இன்டர்ஃபேஸுக்கு மாறலாம். தொடங்குவோருக்கு இரண்டாவது வழியையே உறுதியாகச் சொல்வேன்.

எழுந்து நின்று, பலகையைக் காட்டி விளக்குவோருக்குக் காலர் மைக் பொருந்தும். ஆனால் பெரும்பாலான காலர் மைக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை ஏற்பவை. தலைக்கு மேல் விசிறி ஓடினால் காற்றும் உரசும். வாய்க்கு மிக நெருக்கமாக நிற்கும் ஹெட்செட் இரைச்சலை வெல்வதில் யாருக்கும் சளைத்ததன்று. தோற்றம் ஒரு பொருட்டில்லாத உள் அலுவலகக் கூட்டங்களுக்கு அதுவே போதும்.

மைக் எதுவானாலும் அறையின் எதிரொலியைக் குறைக்காமல் பயனில்லை. சிமென்ட் சுவர், மொசைக் தரை, இரும்பு பீரோ மூன்றும் ஒலியைத் திருப்பி அடிப்பவை. மேடுபள்ளமான நுரைத் தகடுகளைச் சுவரில் ஒட்டுவதைவிட, கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கிய கனத்த துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்தது எனக்கு நல்ல பலன் தந்தது. இவை அறைக்குள்ளே சுழலும் ஒலியைத்தான் அடக்கும். லாரியின் தாழ்ந்த உறுமலைத் துணியும் தடுக்காது, நுரையும் தடுக்காது.

கேமராவைப் பொறுத்தவரை, லென்ஸ் மாற்றத்தக்க மிரர்லெஸ் கேமராவின் படம் மற்ற எல்லாவற்றையும் விட உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனுடன், படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டும், பேட்டரி இருக்கும் இடத்தில் செருகி மின் இணைப்புத் தரும் டம்மி பேட்டரியும் வாங்க வேண்டும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஒரு மணி நேரம் ஓடினால் சில கேமராக்கள் சூடேறி நின்றுவிடும். கூட்டச் செயலிகள் பல நேரம் 720பி (உயரத்தில் 720 புள்ளி வரிகள்) அளவில்தான் படத்தை அனுப்புகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அத்தனை செலவும் பார்ப்பவரின் திரைக்குப் போய்ச் சேர்வதில்லை. 2012-இல் வந்த லாஜிடெக் சி920 போன்ற 1080பி வெப்கேமும், ஏற்கெனவே கையில் உள்ள கைப்பேசியின் பின்பக்கக் கேமராவும்தான் உண்மையான போட்டியாளர்கள். படத்தில் கைப்பேசி முந்துகிறது. தொந்தரவின்மையில் வெப்கேம் முந்துகிறது. ஐபோனும் மேக் கணினியும் வைத்திருப்போருக்கு, 2022-இல் வந்த வெஞ்சுரா என்ற மேக் இயங்குதளம் முதல், கைப்பேசியை வெப்கேமாக்கத் தனிச் செயலியும் தேவையில்லை. எதைத் தேர்ந்தாலும் லென்ஸ் கண் மட்டத்தில் இருக்க வேண்டும்.

சன்னல் வெளிச்சம் இலவசம். ஆனால் நம் தெருக்களில் சன்னலைத் திறந்தால் மூன்றடியில் அடுத்த வீட்டுச் சுவர். கிடைக்கும் வெளிச்சமும் மேகம் போக்கில் மாறும், கூடவே தெருச் சத்தமும் உள்ளே வரும். ரிங் லைட் மலிவு. கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளை வளையம் விழும். பக்கவாட்டில் 45 பாகையில், கண்ணுக்குச் சற்று மேலே வைத்த எல்இடி பேனலே மூன்றிலும் சிறந்தது. அதையும் வாங்க இயலாதவர், ஒரு டியூப் லைட்டை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி, அதில் பட்டு வரும் மென்மையான வெளிச்சத்தில் அமரலாம். படத்தில் கோடுகள் துடித்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமரா அமைப்பில் 60-ஐ 50 என மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பின்னணிக்குப் பச்சைத் திரை வேண்டாம். நல்ல விளக்கு இல்லாத இடத்தில் முடியின் ஓரங்கள் பிய்ந்து தெரியும். ஒழுங்குபடுத்திய ஒரு புத்தக அலமாரியோ வெறும் சுவரோ போதும்.

இணைய இணைப்பில், ரவுட்டரையும் கணினியையும் நேரடியாக இணைக்கும் லேன் கேபிளுக்கு நிகர் வேறில்லை. வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கும் நெருக்கமான தெருவில், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்றுதான். வேகம் போதுமானதாக இருந்தும் குரல் விட்டுவிட்டு வருவதற்கு இந்த நெரிசல் ஒரு முக்கியக் காரணம். கேபிள் இழுக்க முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டரை அதே அறைக்குக் கொண்டுவர வேண்டும்.

மின்தடைக்கு, முழு வீட்டு இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்தால், லேப்டாப் பேட்டரியோடு சேர்ந்து வகுப்பை முடித்துவிடலாம். டிசம்பர் 2023-இல் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதுபோன்ற வேளைக்கு இந்த ஏற்பாடு போதாது. அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்து வகுப்புகள் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பதிவு செய்து, ஏற்பாட்டாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன்.