பவரைக் கழற்றுவதா, பழுது பார்ப்பதா? 1966 மஸ்டாங்கின் ஸ்டியரிங்குக்கு உள்ள வழிகள்

மிச்சிகனில் இருக்கும் என் நண்பரின் கராஜில், வண்டிக்கு அடியில் எப்போதும் ஓர் அட்டைப்பெட்டி பிரித்து விரித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை இழுத்துப் பார்ப்பது அவருக்கு ராசிபலன் பார்ப்பது மாதிரி. பவர் ஸ்டியரிங் ஆயிலின் சிவப்புக் கறை முன்பக்கம் இருந்தால் பம்ப், இடது சக்கரத்துக்கு உள்ளே தள்ளி இருந்தால் கன்ட்ரோல் வால்வு, வலப்பக்கம் தள்ளி இருந்தால் சிலிண்டர். வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 வி8 எஞ்சின். போன வருடம் ஒரு நாள் மூன்று இடத்திலும் கறை. “பேசாம பவரையே கழட்டிடலாமா?” என்று பவர் ஸ்டியரிங்கைப் பற்றிக் கேட்டார்.

கேட்பது சுலபம். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஹைட்ராலிக்ஸ், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்ப ஆயில் அழுத்தம் தரும் உதவி, வேண்டுமா வேண்டாமா என்பது ஒன்று. ஸ்டியரிங் பாக்ஸின் (வீலின் சுற்றைக் குறைத்துச் சக்கரப் பக்கம் அனுப்பும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் எதுவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்வியைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். ஓட்டும்போது கையில் தெரிவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

முதலில் இந்த வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற வண்டிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அன்று சுமார் 85 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் மஸ்டாங்குக்குப் பவர் ஸ்டியரிங் கிடைத்தது. அதில் ஸ்டியரிங் பாக்ஸ் வெறும் மெக்கானிக்கல் பாக்ஸ்தான், அதற்குள் ஹைட்ராலிக்ஸ் எதுவும் கிடையாது. உதவி வெளியே தொங்குகிறது. பாக்ஸிலிருந்து கீழே வரும் பிட்மன் ஆர்மின் முனையில் ஒரு கன்ட்ரோல் வால்வு, அதற்குப் பம்பிலிருந்து ஹோஸ்கள். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பிட்மன் ஆர்ம் அந்த வால்வின் பால் ஸ்டட்டை ஒரு நூல் தள்ளும். உடனே ஆயில், ஒரு நீளமான சிலிண்டரின் ஏதாவது ஒரு பக்கம் பாயும். அந்தச் சிலிண்டர், இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பியான சென்டர் லிங்கைப் பிடித்துத் தள்ளும். அவ்வளவுதான். அதே காலத்துப் பல ஷெவர்லே வண்டிகளில் ஹைட்ராலிக்ஸ் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். அங்கே மேனுவலுக்கு, அதாவது பவர் இல்லாத ஸ்டியரிங்குக்கு, மாற வேண்டுமென்றால் பாக்ஸையே கழற்றி, பெரும்பாலும் 24:1 விகிதமுள்ள மேனுவல் பாக்ஸைப் போட வேண்டும். மஸ்டாங்கில் பாக்ஸைத் தொடாமலே பவரை எடுக்கலாம். இங்கே விருப்பங்கள் அதிகமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இனி எண்கள். பவர் உள்ள வண்டியில் பாக்ஸின் விகிதம் 16:1, அதாவது வீல் 16 டிகிரி திரும்பினால் பிட்மன் ஆர்ம் ஒரு டிகிரி திரும்பும். லிங்கேஜையும் (பாக்ஸிலிருந்து சக்கரம் வரையுள்ள கம்பிகள்) சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 22:1. சாதாரண மேனுவல் வண்டியில் பாக்ஸ் 19:1, மொத்தம் சுமார் 27:1. கையால் எண்ணிப் பார்த்தால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பவர் வண்டியில் ஸ்டியரிங் மூன்றே முக்கால் சுற்றுக்குப் பக்கத்தில் வரும். மேனுவல் வண்டியில் நாலரையைத் தாண்டும். பாக்ஸின் வகையைச் சொல்லும் தகர டேக் பல வண்டிகளில் எப்போதோ காணாமல் போயிருக்கும், அதனால் சுற்றை எண்ணுவதே நம்பகமான வழி.

பழுது பார்த்து வைத்துக்கொள்வது

இதைச் சோம்பேறி வழி என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாலு ஹோஸ், பம்புக்கு ஒரு சீல் கிட், வால்வுக்கு ஒரு கிட், தேவைப்பட்டால் ஒரு சிலிண்டர். பாகங்கள் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. கழற்றிய இடத்திலேயே மாட்டும் வேலை. அலைன்மென்ட் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் வால்வு சென்டர் லிங்கின் முனையில் மரையில் ஏறி உட்காருகிறது. எத்தனை சுற்று ஏற்றுகிறோம் என்பதில் எல்லாம் மாறும்.

சிக்கல் வால்வில்தான். உள்ளே ஆயிலைத் திருப்பிவிடும் உருளையான ஸ்பூல் நடுவில் சரியாக உட்காரவில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், யாரும் தொடாமலே ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரி ஒரு பக்கம் சுழலும். முதல் முறை பார்ப்பவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். இன்னொன்று, எல்லாம் புதிதாக இருந்தாலும் நேர்ச்சாலையில் நடுவில் ஒரு மந்தம் இருக்கும். வால்வுக்குள் அந்தச் சிறு அசைவு இருந்தால்தான் அது வேலையே செய்யும், ஆகவே அதை முழுதாகப் போக்க முடியாது. அறுபதுகளின் அமெரிக்க வண்டிகளைப் பற்றி, ஒரு விரலால் திருப்பலாம், ஆனால் டயர் என்ன செய்கிறது என்று தெரியாது என்ற புகார் பொய்யில்லை.

ஹைட்ராலிக்ஸை மட்டும் கழற்றுவது

இங்குதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பம்ப், ஹோஸ், வால்வு, சிலிண்டர் எல்லாம் போய்விடும். மேனுவல் வண்டியின் பிட்மன் ஆர்ம், சென்டர் லிங்க், அதன் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் வரும். 16:1 பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். இது ஏதோ வீட்டில் கண்டுபிடித்த கலப்படம் என்று நினைக்க வேண்டாம். ஃபோர்டே 1965-இல் விற்ற ஸ்பெஷல் ஹேண்ட்லிங் பேக்கேஜில் பவர் இல்லாமல் இந்த வேகமான விகிதத்தைக் கொடுத்தது.

பலன் என்ன? நெடுஞ்சாலையில் அருமை. ஸ்டியரிங்கை அரை அங்குலம் அசைத்தால் வண்டி அரை அங்குலத்துக்கான வேலையைச் செய்யும். வால்வின் மந்தம் இருக்காது. எஞ்சின் முன்னால் பெல்ட் ஒன்று குறையும், இடது பக்கம் கை நுழைய இடம் கிடைக்கும், அட்டைப்பெட்டிக்கும் ஓய்வு.

விலை பார்க்கிங்கில். விகிதக் கணக்குப்படி 27:1-ஐவிட 22:1-க்குக் கையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் பலம் வேண்டும். இதோடு அழகுக்காக 14 அங்குலச் சிறிய ஸ்டியரிங் வீல் மாட்டினால், அசல் 16 அங்குல வீலோடு ஒப்பிட்டால் அதற்கு மேல் இன்னும் 14 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 40 சதவீதம் வருகிறது. கழற்றிய பிறகு “மேனுவல் கொடுமைப்பா” என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் வண்டியில் சின்ன வீலும் அகல டயரும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. “பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார், மேனுவல் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்” என்று பலர் சொல்வார்கள். தெரியாது. பெல்ட் இல்லாத நிலையில் சிலிண்டருக்குள் இருக்கும் ஆயிலை நம் கைதான் தள்ள வேண்டும். வால்வின் அசைவோ ஸ்டியரிங்கில் பிளே (தளர்வான ஆட்டம்) மாதிரி தட்டும். உண்மையான மேனுவலைவிடக் கனமாகவும் தளர்வாகவும் இருக்கும். அந்தச் சோதனையை வைத்து முடிவெடுத்தால் மேனுவலுக்கு அநியாயம்.

பாகம் வாங்கும்போது வருடத்தையும் எஞ்சினையும் சொல்லி வாங்க வேண்டும். ஆறு சிலிண்டர் வண்டியின் ஸ்டியரிங் பாகங்கள் வி8-க்கு ஆகாது. பாக்ஸிலிருந்து வெளியே வரும் செக்டார் ஷாஃப்ட் எல்லா வருடத்துக்கும் ஒரே பருமன் இல்லை, ஒரு அங்குலமும் உண்டு, அதைவிட எட்டில் ஒரு அங்குலம் தடித்ததும் உண்டு. அளந்துவிட்டு பிட்மன் ஆர்ம் ஆர்டர் செய்யுங்கள். பழைய பிட்மன் ஆர்மைச் சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்த்தால் பாக்ஸின் உள் பேரிங் வாங்கும் அடி அது. புல்லர் போட்டு எடுங்கள்.

நண்பரின் வண்டியில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். லிங்கேஜை மாற்றும் வேலையை ஒரு கடையில் கொடுத்தார். வந்த வண்டி வலப்பக்கமே இழுத்தது. மறுபடி அலைன்மென்ட், டயர் இடம் மாற்றல், பிரேக் சோதனை, எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் நாங்கள் இருவரும் கீழே படுத்துப் பார்த்தோம். அசல் பாணி ஐட்லர் ஆர்மில் ரப்பர் புஷ் இருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் நேராக இருக்கும்போது நட்டை இறுக்கினால், நேர்நிலைதான் ரப்பருக்கு ஓய்வுநிலை. கடைக்காரர் சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருந்தபோதே இறுக்கியிருக்கிறார். ரப்பர் நாள் முழுக்க வண்டியை வலப்பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நட்டைத் தளர்த்தினோம், ‘டப்’ என்று ஒரு சத்தம், ஆர்ம் தானாக நகர்ந்து நின்றது. சக்கரத்தை நேராக்கி மறுபடி இறுக்கினோம். பத்து நிமிட வேலை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பேரிங் வைத்த ரோலர் ஐட்லர் ஆர்ம் கிடைக்கிறது. பவர் இல்லாத வண்டிக்கு அது கைக்குத் தெரிகிற லேசு கொடுக்கும், காசுக்குத் தகும்.

முழு மேனுவல்: 19:1 பாக்ஸும் மாற்றுவது

கையில் லேசு வேண்டும், ஆனால் ஹைட்ராலிக்ஸ் வேண்டாம் என்பவர்களுக்கு இது. ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து சாதாரண மேனுவல் மஸ்டாங் எப்படி வந்ததோ அப்படி. பார்க்கிங்கில் ஒரு சாதாரண ஆளால் திருப்ப முடியும். அதற்குப் பதிலாக வளைவான மலைச்சாலையில் கை நிறைய வேலை செய்யும். வண்டி சறுக்கும்போது மீட்டுத் திருப்ப நேரம் போதாமல் தோன்றும்.

வேலைதான் கஷ்டம். 1967 வரையிலான மஸ்டாங்குகளில் ஸ்டியரிங் பாக்ஸும், மேலே வீல் வரை போகும் ஷாஃப்டும் ஒரே துண்டு. வீலைக் கழற்றி, ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ஸ்டியரிங் குழாயைப் பிரித்து, அந்த நீண்ட கம்பியோடு பாக்ஸை எஞ்சின் பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். ஹெடர் (தனித்தனிக் குழாய்களாக வரும் புகைக்குழாய்) மாட்டியிருந்தாலோ, கிளட்ச் லிங்கேஜ் குறுக்கே இருந்தாலோ, ஒரு சனிக்கிழமை முழுசாகப் போகும். 1968-இலிருந்து ஷாஃப்ட் இரண்டாகி நடுவில் ஒரு ரப்பர் ஜாயின்ட் வந்துவிட்டது, அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை குறைவு.

பாக்ஸை வெளியே எடுக்கும் முன் ஒரு காரியம். பல வண்டிகளில் பிளே இருக்கிறது என்று மேலே உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை யாராவது இறுக்கியிருப்பார்கள். அதிகம் இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, கனமாகவும் இருக்கும். பிட்மன் ஆர்மைக் கழற்றிவிட்டு, வீலைச் சுற்றிப் பார்த்து அந்த ஸ்க்ரூவைச் சரிசெய்தால், பாக்ஸ் மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

புதுச் சாமான்கள்

பாக்ஸுக்குப் பதிலாகப் பல் வைத்த சட்டத்தால் சக்கரத்தைத் திருப்பும் ரேக் அண்டு பினியன் கிட்டுகளும், டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்டியரிங் குழாயில் மோட்டார் வைக்கும் எலெக்ட்ரிக் உதவிகளும் வந்துவிட்டன. எலெக்ட்ரிக்கில் உதவியைக் கூட்டிக் குறைக்கலாம், ஆயில் கிடையாது, நல்ல யோசனைதான். ஆனால் ஸ்டியரிங் குழாயை வெட்ட வேண்டும். அந்தக் காலத்து 40 ஆம்பியர் சுமாரான ஆல்டர்னேட்டரையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். ரேக் கிட்டுகளில் சக்கரத்தைத் தள்ளும் கம்பியான டை ராடின் உள் முனைகள் சரியான இடத்தில் அமையாவிட்டால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது வண்டி தானே திரும்பும். வாங்கினால் இதைக் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டியை அப்படியே வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இந்த இரண்டும் பொருந்தாது.

எனக்குத் தோன்றுவது

வீட்டில் மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள், ஊருக்குள் நெருக்கமாகப் பார்க் செய்ய வேண்டும், யாருக்காவது தோள்பட்டை வலி என்றால் பவரைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 1967 மாடலிலிருந்து வந்த 390 போன்ற பெரிய எஞ்சின் என்றாலும் அதே பதில், முன்பக்கக் கனம் அப்படி. ஆறு சிலிண்டர் வண்டிக்கு மேனுவல் எதுவானாலும் சுகம்.

289 வைத்திருப்பவர்கள் பாக்ஸைத் தொடாமல் லிங்கேஜை மட்டும் மாற்றி இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். அசல் அளவு டயர், முன்னால் காற்று கொஞ்சம் கூடுதல், பெரிய ஸ்டியரிங் வீல், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) ஒரு டிகிரிக்குப் பக்கம். ரேடியல் டயருக்காகக் காஸ்டரை மூன்று டிகிரிக்கு ஏற்றுவது நேராக ஓட உதவும், ஆனால் பவர் இல்லாத கைக்குப் பார்க்கிங்கில் அது பாரம். போதவில்லை என்று தோன்றினால் 19:1 பாக்ஸுக்கு அப்புறம் போகலாம். லிங்கேஜ் செலவு வீணாகாது, அதே லிங்கேஜ்தான்.

பிறகு, ஓட்டும் பழக்கம். ஊரில் அம்பாசடரிலோ பழைய மாருதி 800-இலோ கற்றுக்கொண்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் “நிக்கிற வண்டியில ஸ்டியரிங்கை ஒடிக்காதே, உருள விட்டு ஒடி” என்று கத்தியது. ஏறக்குறைய 1,300 கிலோ வண்டிக்கும் அதே பாடம்தான். ஒரு அடி உருண்டாலே பாதி பாரம் போய்விடும். நண்பர் அமெரிக்காவில் கற்றவர், இதை நாற்பது வயதில் பழகினார்.

அவர் வண்டியில் இன்று 16:1 பாக்ஸ், மேனுவல் லிங்கேஜ், ரோலர் ஐட்லர் ஆர்ம். கழற்றிய வால்வும் சிலிண்டரும் பம்பும் துணியில் சுற்றி கராஜ் அலமாரியில் இருக்கின்றன, வண்டியை விற்றால் கூடவே கொடுப்பதற்கு. அட்டைப்பெட்டி மட்டும் இன்னும் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. இப்போது அதில் விழுவது கறுப்புக் கறை, எஞ்சின் ஆயில்.