குதிகால் வலியோடு தீம் பார்க்: எந்த வழி எத்தனை வாரத்தில் கைகொடுக்கும்?

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. குழந்தைகள் நாள்காட்டியில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியிலேயே குதிகால் சுளீரென்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு யோசனை வந்து குவியும்: ஊசி போட்டுக்கொள், நல்ல ஷூ வாங்கு, பயிற்சி செய், பேசாமல் சக்கர நாற்காலி எடுத்துக்கொள். எல்லாமே ஏதோ ஒரு சமயத்தில் சரியான யோசனைதான். எது உங்களுக்குச் சரி என்பதைப் பயணத் தேதிக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்ற கணக்குதான் முடிவுசெய்யும். நாட்பட்ட குதிகால் வலி எனக்கும் பழக்கமானது என்பதால் இதை அக்கறையோடு எழுதுகிறேன்.

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை உள்ளங்கால் நெடுக ஒரு தடித்த திசுப்பட்டை ஓடுகிறது. அதில் ஏற்படும் கோளாறான பிளான்டார் ஃபாசியைடிஸ்தான் குதிகால் வலிக்கு மிகப் பொதுவான காரணம். தூங்கி எழுந்ததும் முதல் சில அடிகளில் வலி உச்சத்தில் இருக்கும், கொஞ்சம் நடந்ததும் தணியும், நெடுநேரம் நின்றால் திரும்ப வரும். இந்த அலசல் பெரும்பாலும் இந்த வலியைப் பற்றியது. குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தினால் உயிர்போகிறது, பாதம் மரத்துப்போகிறது அல்லது எரிகிறது, கட்டைவிரலின் அடி சிவந்து வீங்கிச் சுடுகிறது என்றால் கதை வேறு. எலும்பில் நுண்விரிசல், நரம்புப் பிரச்சினை, கவுட் (யூரிக் அமிலம் படிவதால் வரும் மூட்டு வீக்கம்) ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அப்போது எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

தீம் பார்க் காலிடம் கேட்பது எவ்வளவு என்பதையும் சரியாக எடைபோட வேண்டும். புளோரிடாவின் எப்காட் பூங்காவில் 11 நாடுகளின் அரங்குகளைக் கோத்தபடி ஏரியைச் சுற்றிப் போகும் பாதை மட்டும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அது பூங்காவின் ஒரு பாதிதான். இதுபோன்ற இடங்களில் நாள் முழுக்கக் காங்கிரீட் தரைமீதுதான் நடை. அதைவிடக் கொடுமை வரிசை. நடக்கும்போது இரண்டு கால்களும் மாறிமாறிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது இரண்டு பாதங்களுக்கும் ஓய்வே கிடையாது. "வீட்டருகே அரை மணி நேரம் நடக்கிறேனே" என்ற தைரியத்தில் போகிறவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த நிற்றல்தான்.

மூன்று மாதம் இருந்தால்: நீட்டலா, பலப்படுத்தலா?

காலம் கையில் இருப்பவர்களுக்குப் பயிற்சியை மிஞ்சிய வழி இல்லை. அதில் இரண்டு போட்டியாளர்கள் உண்டு.

முதலாவது, உள்ளங்கால் பட்டையையே குறிவைக்கும் நீட்டல். உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றக் காலின் முழங்கால்மீது போட்டு, விரல்களை ஒரு கையால் கணைக்காலை நோக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மற்றக் கையின் விரலால் உள்ளங்காலைத் தொட்டால் தோலுக்கடியில் அந்தப் பட்டை நாணேற்றிய வில்லைப்போல விறைத்து நிற்பது தெரியும். தெரியவில்லை என்றால் இழுத்தது போதவில்லை. 10 நொடி பிடித்து, 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 2003இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் குதிநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) நீட்டலோடு எட்டு வாரம் ஒப்பிட்டது. இதுவே முந்தியது.

இரண்டாவது, பலப்படுத்தல். ஒரு படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது. மேலே போக மூன்று நொடி, நிற்க இரண்டு நொடி, இறங்க மூன்று நொடி. ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தால் போதும். பழகப் பழக, முதுகுப்பையில் புத்தகங்களை அடுக்கி எடை கூட்ட வேண்டும். துண்டு எதற்கு என்று கேட்கலாம். விரல்கள், முக்கியமாகக் கட்டைவிரல், மேல்நோக்கி வளையும்போது உள்ளங்கால் பட்டை இறுகுகிறது. 1954இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கிய இயக்கம் இது. துண்டு இருந்தால் கெண்டைக்கால் தசை மட்டும் உழைத்துவிட்டுப் போகாமல், பாரம் அந்தப் பட்டைக்கும் போய்ச் சேரும். 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வில் மூன்று மாத முடிவில் நீட்டலைவிட இந்த முறை தெளிவாக முன்னிலையில் இருந்தது. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

பயணத்தைக் கண்முன் வைத்துப் பார்த்தால் அந்த மூன்று மாதப் புள்ளிதான் நமக்கு வேண்டியது. ஆகவே மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் பலப்படுத்தலுக்கே என் வாக்கு. ஆறு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் புதிதாகப் பாரம் ஏற்றத் தொடங்க வேண்டாம். தொடக்கத்தில் வலி கிளறப்படலாம், அது தணியக் காலம் இருக்காது. அப்போது நீட்டலே போதும். தூங்கும்போது பாதத்தை மடங்காமல் பிடிக்க இரவில் மாட்டிக்கொள்ளும் ஸ்பிளிண்ட், குதிகாலில் அழுத்த அலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை ஆகியவையும் வாரக்கணக்கில் பொறுமை கேட்பவை. கடைசி நேரத்தில் அவற்றைத் தேடிப் போவதில் பயனில்லை.

ஒரு மாதம் இருந்தால்: ஷூவும் இன்சோலும்

ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் தட்டுதான் இன்சோல். அளவெடுத்துச் செய்யும் இன்சோலா, கடையில் தயாராகக் கிடைப்பதா? அளவெடுத்துச் செய்ததே உயர்ந்தது என்று மனம் சொல்லும். 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று இரண்டையும், பேருக்கு வைத்த மெல்லிய போலி இன்சோலையும் ஒப்பிட்டது. மூன்று மாதத்தில் இரண்டு அசல் இன்சோல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறிது உதவின. ஓராண்டில் போலிக்கும் அசலுக்கும்கூட வேறுபாடு இல்லை. எனவே பாதத்தின் அமைப்பில் தனிப்பட்ட கோளாறு ஏதும் இல்லாதவர்கள் தயார்நிலை இன்சோலை வாங்கிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை நல்ல ஷூவில் போடுவதே நியாயம்.

ஷூவைக் கையில் எடுத்து மூன்று சோதனை செய்யுங்கள். பின்புறக் குதிப்பகுதியை விரல்களால் அமுக்கினால் அமுங்கி விழக்கூடாது. முன்னும் பின்னும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் அது எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் போய் வாங்குவது நல்லது. இன்சோலை உள்ளே வைத்தே அளவு பாருங்கள், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கட்டைவிரல் மூட்டு இறுகிப்போனவர்களுக்கும் முன்பாதத்தில் வலி இருப்பவர்களுக்கும், முன்பகுதி மேல்நோக்கி வளைந்த ராக்கர் அடிப்பாகம் கொண்ட ஷூ பலவேளைகளில் சாதாரண ஷூவைவிட உதவும். விரல்கள் மடங்க வேண்டிய வேலையை அது குறைத்துவிடுகிறது. அந்த அடிப்பாகம் கெட்டியாக இருப்பதே முறை, மடக்கும் சோதனை அதற்குப் பொருந்தாது.

கடையில் கால் வைத்ததும் பஞ்சுபோல் புதையும் மெத்தைகளில் மயங்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து நிமிடச் சுகத்துக்கும் ஒரு முழுநாள் தாங்கலுக்கும் சம்பந்தமில்லை. எந்த ஷூவாக இருந்தாலும் பயணத்துக்குச் சில வாரம் முன்பிருந்தே அணிந்து பழக வேண்டும். நீர்ச் சறுக்கல்கள் இருக்கும் பூங்காவாக இருந்தால், பின்வார் உள்ள செருப்பு ஒன்றும் மாற்றுக் காலுறையும் பையில் இருக்கட்டும். நனைந்த ஷூவோடு மாலைவரை நடந்தால் குதிகால் வலியோடு கொப்புளமும் சேர்ந்துகொள்ளும்.

சில நாட்களே இருந்தால்: ஊசி, மாத்திரை, டேப்

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பலிக்காது என்பதல்ல. 2012இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் பார்த்துச் சரியான இடத்தில் போட்ட ஊசி நான்காவது வாரத்தில் வலியைக் குறைத்திருந்தது. எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் அந்த வலி நிவாரணம் நிலைக்கவில்லை. இதைப் படிப்பவருக்கு, "நமக்கு அந்த ஒரு வாரம்தானே வேண்டும்" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான். ஊசி போட்ட சிலருக்கு அந்தத் திசுப்பட்டை கிழிவதுண்டு, குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிவதும் உண்டு. வலி என்ற எச்சரிக்கை மணியை அடக்கிவிட்டு, அதே பட்டையின்மேல் காலைமுதல் இரவுவரை நடப்பது நல்ல ஏற்பாடு ஆகாது. போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், பயணத் தேதியையும் அன்றைய நடையின் அளவையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, பல வாரம் முன்னதாகவே முடிவெடுங்கள்.

மாத்திரை அந்தந்த நாளுக்கானது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, சளி மாத்திரையில் கலந்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். ஐபுபுரோஃபென் போன்றவை இன்னும் நன்றாகக் கேட்கலாம். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அவை ஆகாது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலையும் நாளில் சிறுநீரகத்துக்கு அவை கூடுதல் சுமை.

இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பலரும் பேசாத டேப். சுண்டுவிரலின் அடியில் தொடங்கி, பாதத்தின் வெளிப்பக்க ஓரமாகப் போய், குதிகாலைச் சுற்றி, கட்டைவிரலின் அடியில் முடியும் ஒரு பட்டை. அதன்மேல் உள்ளங்காலின் குறுக்காகச் சில பட்டைகள். லோ-டை டேப்பிங் என்று பெயர். 2006இல் நடந்த ஒரு சோதனையில், ஒரே வாரத்தில் காலையின் முதல் அடி வலியை இது குறைத்தது. ஒரு பயணத்தின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதானே! பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டில் யாராவது ஒட்டிவிடலாம். பசை தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே ஒட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அன்றைய நாளில்: பெஞ்சா, சக்கர நாற்காலியா, ஸ்கூட்டரா?

எல்லாக் குடும்பங்களிலும் சத்தமில்லாமல் ஜெயிப்பது பெஞ்சுதான். "நீங்கள் போய் வாருங்கள், நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று அம்மாவோ பாட்டியோ சொல்லிவிட, நாள் முழுக்க அவருக்குத் துணை தண்ணீர் பாட்டில்களும் தொப்பிகளும்தான். இது தியாகமாகத் தெரியலாம், எனக்கு இது இழப்பாகத்தான் படுகிறது. அவர் இருக்க வேண்டும் என்றுதானே இந்தப் பயணமே ஏற்பாடானது? பெஞ்சு அரை மணி நேர ஓய்வுக்கு இருக்கட்டும், நாள் முழுக்க அவர் இருக்கும் இடமாக வேண்டாம்.

சக்கர நாற்காலி, மின் ஸ்கூட்டர் இரண்டையும் பெரிய பூங்காக்கள் பல வாடகைக்குத் தருகின்றன. நாற்காலி குறுகிய வரிசைப் பாதைகளிலும் எளிதாக நுழையும். காரில் மடித்து வைக்கலாம். சற்று நடக்க விரும்பினால் அதையே பிடித்துத் தள்ளிக்கொண்டு, பைகளை இருக்கையில் வைத்து நடக்கலாம். குறை, தள்ள ஆள் வேண்டும். ஏற்றமான பாதையில் பெரியவர் ஒருவரைத் தள்ளுவது சாதாரண உழைப்பல்ல, மாலைக்குள் தள்ளுபவர் களைத்துவிடுவார், உட்கார்ந்திருப்பவருக்கும் மனம் உறுத்தும். ஸ்கூட்டரில் அந்தச் சங்கடம் இல்லை. நினைத்த இடத்துக்குத் தாமே போகலாம், பேரக்குழந்தை பின்னால் வர, பாட்டி முன்னால் போகலாம். ஆனால் கூட்டத்தில் திருப்புவதற்குப் பழக்கம் வேண்டும், சில வரிசைகளில் அதை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலிக்கு மாற வேண்டும், மின்கலத்தின் மேலும் ஒரு கண் இருக்க வேண்டும். இரண்டிலுமே, சவாரிப் பெட்டியில் ஏறும் இடத்தில் பெரும்பாலும் எழுந்து சில அடிகள் வைக்க வேண்டியிருக்கும். குதிகால் வலிக்காரருக்கு அந்தச் சில அடிகள் பெரிய சிரமமல்ல. தள்ளுவதற்குத் திடமான இருவர் இல்லாத குடும்பத்துக்கு ஸ்கூட்டரே என் பரிந்துரை.

எதை எடுத்தாலும் காலையில் நுழையும்போதே எடுங்கள். "முடிந்தவரை நடக்கிறேன், முடியாவிட்டால் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், முடியாமல் போகும் மதிய நேரத்தில் வாடகை வண்டிகள் தீர்ந்துபோயிருக்கலாம். வலியும் அதற்குள் ஏறிவிட்டிருக்கும், ஏறிய வலி உட்கார்ந்ததும் இறங்கிவிடாது. நடக்கத் தெரிந்தவர் வண்டியில் போவதா என்று கூசுபவர்களுக்கு ஒன்று: பாதி தூரம் மட்டும் நடக்க முடிகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கான சலுகைகள் பூங்காவுக்குப் பூங்கா மாறும், முன்பதிவு கேட்கும் இடங்களும் உண்டு. வீட்டிலிருந்தே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மேலே சொன்ன எந்த ஒப்பீடும் அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வலி இல்லாததே அபாயம். புது ஷூ உரசிப் புண்ணானதும் தெரியாது, சுட்ட தரையும் தெரியாது. நீர் விளையாட்டுப் பகுதியிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை காலுறையைக் கழற்றி உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வீட்டார் யாராவது பார்த்துவிட வேண்டும்.

இரண்டு மூன்று நாள் பயணமாக இருந்தால், பூங்கா நாட்களை அடுத்தடுத்து வைக்காமல் நடுவே ஒரு நாள் விட்டு அமையுங்கள். முதல் நாளின் கணக்கு மறுநாள் காலையின் முதல் அடியில்தான் தெரியவரும். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த பூங்கா நாளுக்கு டேப் போதுமா, ஸ்கூட்டர் வேண்டுமா என்று முடிவெடுக்கலாம்.