யோஷிவாரா கணிகையரும் கவிதையும்: ஹருநொபு, மசனொபு

எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் அரசு உரிமம் பெற்ற கணிகையர் பகுதியான யோஷிவாராவின் கணிகையரைக் கவிதையோடு காட்டும் மரக்கட்டை அச்சுகளில் இரண்டு தொகுப்புகள் ஒப்பிடத்தக்கவை. 1770-இல் வெளிவந்த, ஓவியர் ஹருநொபுவின் ஐந்து தொகுதி நூலில் 166 பெண்கள், மலர், குயில், நிலவு, செவ்விலை, பனி என்னும் பருவ வரிசையில், ஆளுக்கொரு ஹொக்கு என்னும் குறுங்கவிதையுடன் இடம்பெறுகின்றனர். கோடுகளில் நளினம் மிகுதி, முகங்களோ ஏறத்தாழ ஒன்றே.

1784-இல் சுதாயா ஜூசாபுரோ பதிப்பித்த, ஓவியர் கிதாவோ மசனொபுவின் தொகுப்பில் ஏழே பெரிய படங்கள். ஒவ்வொன்றிலும் இரு கணிகையரும் பணிச்சிறுமியரும். மேலே, அவர்கள் தம் கையெழுத்திலேயே தந்த பாடல்கள். அவ்வெழுத்து கொண்ட மெல்லிய தாளைச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, தூரிகை மெலிந்து முடியும் இழைவரை செதுக்கியிருக்கிறார்கள். பழம்பாடலை அறிந்து அழகுற எழுதுவதும் கணிகையரின் தொழிற்பயிற்சியில் அடங்கியதாகையால், அப்பெண்களை அறிய மசனொபுவையே தேர்வேன். அவரும் பின்னாளில் சாந்தோ கியோதென் என்னும் எழுத்தாளராகவே பெரிதும் அறியப்பட்டார்.